அம்மா எங்க உக்காருவாங்க?

‘அவன் சரியான ட்யூப் லைட்டுப்பா!’

இந்த வசவுக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் என்று தெரியவில்லை. இன்றைய பையன்களிடம் சொன்னால், ‘ட்யூப் லைட்ல என்ன தப்பு? போட்டவுடனே எரியுதே’ என்பார்கள். நியாயம்தானே? அவர்கள் பார்க்கிற ட்யூப் லைட் எல்லாம் எல்.இ.டி. தட்டினதும் பளிச்! இரண்டு முனையும் சிவந்து, நாலு தடவை கண்ணடித்து, ஒரு தடவை செத்துப் பிழைத்து, அப்புறம் ‘ம்ம்ம்...’ என்று முனகிக்கொண்டே எரிந்த அந்தப் பழைய ஆசாமியை அவர்களுக்குத் தெரியாது. ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்டார்ட்டரைக் கால் திருகு திருகினால் உயிர் வரும் என்ற வைத்தியமும் தெரியாது.

உங்கள் வீட்டிலும் அப்படித்தானே இருந்திருக்கும்? ஹாலுக்கு ஒரு ட்யூப் லைட். ஏழடி உயரத்தில், பக்கத்தில் ஒரு பல்லியோடு. 40 வாட். அது போக சோக் ஒரு பத்துப் பன்னிரண்டு வாட்டைத் தன் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். அதன் கீழேதான் வீட்டுப்பாடம், அதன் கீழேதான் சாப்பாடு, பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அதே வெளிச்சம்தான்.

அப்புறம் எல்.இ.டி வந்தது. ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று பேர், யாராலும் சரியாகக் கொண்டுவர முடியாத நீல நிற எல்.இ.டி-யைக் கொண்டுவந்தார்கள். நீலம் கிடைத்த பிறகுதான் வெள்ளை வெளிச்சமே சாத்தியமானது. 2014-ல் அவர்களுக்கு இயற்பியல் நோபல். அதே 2014-ல் நம் அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த எல்.இ.டி பல்பு ஒன்றின் விலை 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய். நான் பி.காம் படித்தவன். இரண்டே வருடத்தில் ஒரு பொருள் எட்டில் ஒரு பங்கு விலைக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தேவைக்கு வாங்கின காலம் போய், ஆசைக்கு வாங்குகிற காலம் வரும்.

வந்துவிட்டது. இப்போது ஃப்ளாட் எதற்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பாருங்கள். ஃபால்ஸ் சீலிங். அதில் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு விளக்கு.

எங்கள் வீட்டு ஹாலுக்கும் அந்த யோகம் போன வருடம் வந்தது.

2000-ல் அப்பா வாங்கிய ஃப்ளாட். ஹால் பதினாறுக்குப் பன்னிரண்டு. தரையில் பழைய மொசைக் டைல்ஸ். அதன் மேலேயே புது டைல்ஸ், சுவருக்குப் பெயின்ட், மேலே ஃபால்ஸ் சீலிங் என்று முடிவாயிற்று. வரைபடம் போட்டுத் தந்த இன்டீரியர் டிசைனர் பெண் கெட்டிக்காரி. லேப்டாப்பில் எங்கள் ஹாலை எங்களுக்கே அடையாளம் தெரியாதபடி காட்டினார். பதினெட்டு டவுன்லைட், தலைக்கு 12 வாட். சீலிங் ஓரமாக மறைவில் ஓடுகிற கோவ் லைட், மொத்தம் 120 வாட். படத்தில் சோபா இருந்தது. பூ ஜாடி இருந்தது. மனிதர்கள் யாரும் இல்லை.

என் புத்தி உடனே கணக்குப் போட்டது. 216-ம் 120-ம் 336 வாட். தினம் ஐந்து மணி நேரம். இரண்டு மாத பில்லுக்கு 60 நாள். பெருக்கினால் 100.8 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்ததே, அந்த நூறையும் ஹால் விளக்கு ஒன்றே குடித்துவிட்டு மேலே முக்கால் யூனிட் கேட்கும்! எல்.இ.டி என்றால் சிக்கனம் என்பது ஒரு விளக்குக்குச் சரி. பதினெட்டு விளக்குக்கு?

இந்தக் கணக்கை நான் சொல்வதற்குள், எலெக்ட்ரீஷியன் வேறு ஒரு கணக்கோடு வந்தார்.

அறுபது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர். வரைபடத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம் ஹாலைப் பார்த்தார். ஜன்னலோரம் மர நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவைப் பார்த்தார்.

‘‘சார், இதுல அம்மா எங்க உக்காருவாங்க?’’

டிசைனர் பெண் சோபாவைக் காட்டினார்.

‘‘சோபாவுல உக்காந்தா எனக்கு எழுந்திரிக்க முடியாதுப்பா. இந்த நாற்காலிதான்’’ என்றாள் அம்மா. அம்மாவுக்கு வயது 74.

‘‘சாயங்காலம் என்னம்மா பண்ணுவீங்க? டிவியா?’’

‘‘டிவி எங்க... பேப்பர் படிப்பேன். வாரப் பத்திரிகை படிப்பேன். ஆறு மணிக்கு மேல எடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடுவேன்.’’

‘‘ஏம்மா, இங்க சத்தமா?’’

‘‘சத்தம் ஒண்ணுமில்லப்பா. இங்க எழுத்து தெரியல. மாத்திரை அட்டையக்கூட அடுப்படி லைட்டுல வெச்சுத்தான் பார்த்துப் பிரிக்கிறேன். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளி அட்டை.’’

ஹாலில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அம்மா சாயங்காலம் சமையலறைக்குப் போவதற்கு இந்த வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தோம். வெளிச்சம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவும் சொன்னதில்லை. யாரும் கேட்காததைச் சொல்கிற பழக்கம் அந்தத் தலைமுறைக்குக் கிடையாது.

‘‘பதினெட்டு லைட் இருக்கே. அதுல எழுத்து தெரியாதா அண்ணே?’’ என்றேன்.

‘‘தரை தெரியும் சார்’’ என்றார்.

இந்த விஷயத்தை அப்புறம் துருவிப் படித்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக, கண்ணின் பாப்பா சுருங்குகிறது. இருட்டிலும் முன்போல் அகலமாக விரிவதில்லை. உள்ளே இருக்கிற லென்ஸ் தடித்து மஞ்சள் பூக்கிறது. இரண்டும் சேர்ந்து என்ன ஆகிறது தெரியுமா? ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ், இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. ‘நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு’ என்று பேரன் சொல்வதும் உண்மை. ‘இருட்டா இருக்கே’ என்று பாட்டி சொல்வதும் உண்மை. கண்ணாடியின் பவரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சரி, அப்படியென்றால் இன்னும் பத்து விளக்கு போடலாமா? கூடாது. வயதான கண்ணுக்கு வெளிச்சமும் வேண்டும், கூச்சமும் ஆகாது. மங்கின லென்ஸ், நேராக அடிக்கிற ஒளியை உள்ளே சிதறடித்துவிடும். எதிரே ஹெட்லைட் வந்தால் சாலையே மறைந்து போகிறதே, அந்த மாதிரி. ஆகவே கண்ணில் படாமல், புத்தகத்தில் மட்டும் விழ வேண்டும்.

இங்கேதான் தூரம் வருகிறது. சின்ன விளக்கு ஒன்றிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து அம்மாவின் மடியில் இருக்கும் புத்தகத்துக்கு ஆறடி. அதே விளக்கைத் தோளுக்குப் பின்னால், புத்தகத்திலிருந்து இரண்டடியில் வைத்தால்? ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதாவது, மேலே ஒன்பது விளக்கு செய்கிற வேலையைப் பக்கத்தில் ஒரே விளக்கு செய்துவிடும். இதைவிட நல்ல லாப நஷ்டக் கணக்கை நான் காலேஜில்கூடப் பார்த்ததில்லை.

நாற்காலிக்குப் பின்னால் சுவரில், நாலடி உயரத்தில், கழுத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி ஒரு 9 வாட் விளக்குக்கு பாயின்ட் குறித்தார் எலெக்ட்ரீஷியன். சுவிட்ச் எங்கே? வாசல் பக்கம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற இடத்தில்.

‘‘லைட் போட எழுந்து நடக்கணும்னா, போடவே மாட்டாங்க சார்.’’

அன்றைக்கு அவர் ஹாலில் ஒரு மணி நேரம் நடந்தார். ஒரு கம்பிகூட இழுக்கவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டார். நியாயமான முறையும் அதுதான். முதலில் யார், எங்கே, என்ன செய்வார் என்று தெரிய வேண்டும். அப்புறம் சுவரில் காடி எடுத்து, பைப் புதைத்து, ஒயர் இழுத்து, கடைசியில் ஜிப்சம் போர்டு. போர்டை மூடினதுக்கு அப்புறம் ‘இங்க ஒரு பாயின்ட் வேணுமே’ என்றால் புதுச் சீலிங்கைக் கிழிக்க வேண்டும்.

அவருடைய இரண்டாவது கேள்வி, ‘‘ஃபேன் எங்க வருது?’’

வரைபடத்தில் ஃபேன் அழகாக நடுவில் இருந்தது. அதைச் சுற்றி நாலு டவுன்லைட். எலெக்ட்ரீஷியன் கையை விரித்துக் காட்டினார். நம் வீட்டு ஃபேன் பெரும்பாலும் 48 அங்குலம். நடுவிலிருந்து இரண்டடிக்கு றெக்கை சுற்றும். ஃபேன் தொங்குவது சீலிங்குக்குக் கீழே. அந்த வட்டத்துக்கு மேலே விளக்கு இருந்தால், றெக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும். பழைய சினிமாத் தியேட்டரில் ரீல் சிக்கினது மாதிரி ஹாலே படபடவென்று துடிக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி. உங்கள் வீட்டில் அப்படி ஒரு விளக்கு இருந்தால், நீங்கள் அதை அணைத்தே வைத்திருப்பீர்கள். சரிதானே?

நாலும் வட்டத்துக்கு வெளியே, சுவர்ப் பக்கம் போயின.

மூன்றாவது, தரை. பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டினதில் ஹால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் உயர்ந்துவிட்டது. ஹாலிலிருந்து பாத்ரூமுக்குப் போகிற நடைபாதை பழைய உயரத்திலேயே இருந்தது. மேஸ்திரி சரிவாக ஒரு கிரானைட் பட்டி வைத்திருந்தார். ஆனாலும் இருட்டில் படி படிதான். அம்மா ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து போகிற வழி அது. அவள் வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால், பழையபடி நடப்பது என்பது பலருக்கு நடக்காத காரியம். பதினெட்டு விளக்கில் ஒன்றாவது அந்த இடத்தில் இருந்ததா? இல்லை. ஹாலின் வரைபடம் ஹாலோடு முடிந்துவிட்டது. அம்மாவின் ராத்திரி அங்கே முடியவில்லை.

தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், வெளிச்சம் கீழே மட்டும் விழுகிற ஃபுட் லைட். ஒரு வாட். ராத்திரி முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது.

*

‘யாருக்கு’ என்ற கேள்வியில் ஏணி மேல் நிற்கிறவரும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் பழைய ட்யூப் லைட்டைக் கழற்றினார். சுவிட்ச் ஆஃப். இருந்தும் தொடுவதற்கு முன் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

மறுபடி சுவிட்ச்சைப் பார்த்தோம். ஆஃப்தான்.

‘‘சுவிட்ச்ச நியூட்ரல்ல குடுத்திருக்கான் சார்’’ என்றபடி ஏணியிலிருந்து இறங்கிப் போய் மெயினை அணைத்தார்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கரண்ட் ஃபேஸ் ஒயரில் வந்து, நியூட்ரல் ஒயரில் திரும்பும். சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும். நியூட்ரலில் கொடுத்தாலும் விளக்கு எரியும், அணையும். வித்தியாசமே தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் விளக்கு வரை கரண்ட் வந்து காத்துக்கொண்டு நிற்கும். கட்டடம் கட்டின நாளிலிருந்து அந்த ட்யூப் லைட் அப்படித்தான் இருந்திருக்கிறது. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்டார்ட்டரைத் திருகினது அதில்தான். வெறுங்காலோடு. அப்பா போனது வேறு காரணத்தால், வேறு வருடத்தில். ஆனாலும் அந்த டெஸ்டர் எரிந்தபோது அம்மா சுவரில் இருந்த அப்பா படத்தை ஒரு தடவை பார்த்தாள்.

அன்றைக்கே போர்டில் ஆர்.சி.சி.பி போடச் சொன்னேன். எம்.சி.பி-தான் இருக்கிறதே என்று நினைக்கிறீர்களா? அது ஒயரைக் காப்பாற்றுகிற சாமான். 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அதற்கு ரோஷம் வரும். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மார்பு வழியாகப் போனாலே மனிதன் முடிந்தான். ஆர்.சி.சி.பி என் ஜாதி. டெபிட், கிரெடிட் பார்க்கும். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு டேலி ஆகவில்லை என்றால், அது யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று சந்தேகப்பட்டு, கண் இமைக்கிற நேரத்தில் மொத்தத்தையும் அணைத்துவிடும். அதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் கணக்கு டேலி ஆகிவிடும், அது சும்மா இருந்துவிடும். எர்த் ஒயரும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி-யில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும்.

பதினெட்டு டவுன்லைட் எட்டாகக் குறைந்தது, தலைக்கு 7 வாட். எட்டும் ஒரே சுவிட்ச்சில் இல்லை. இரண்டிரண்டாக நாலு சுவிட்ச். கோவ் லைட்டைப் பையன் விட்டுக்கொடுக்கவில்லை. அது தனி சுவிட்ச்சில், தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். அதன் டிரைவரை சீலிங்குக்குள் வைத்து மூடாமல், கை நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைக்கச் சொன்னார் எலெக்ட்ரீஷியன். அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். தினம் ஐந்து மணி நேரம் என்றால் பதின்மூன்று வருடத்துக்கு மேல். பெரும்பாலும் அது எல்.இ.டி-யின் ஆயுள், வெளிச்சம் முப்பது சதவிகிதம் மங்குகிற வரைக்குமான கணக்கு. பாதியில் மண்டையைப் போடுவது அநேகமாக டிரைவர்தான். அதை மாற்றக் கை நுழையாவிட்டால் சீலிங்கை அறுக்க வேண்டும்.

இப்போது தினமும் எரிவது எட்டு டவுன்லைட்டும் அம்மாவின் விளக்கும். 65 வாட். இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்டைத் தொடாது. மிச்சப்பட்ட பத்து டவுன்லைட் காசில் ஆர்.சி.சி.பி வந்துவிட்டது.

நிறத்தில் ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் மனைவி கோபித்துக்கொள்வார். கடைகளில் 3000, 4000, 6500 என்று கெல்வின் கணக்கு. பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சள், அப்புறம் வெள்ளை. எண் ஏறினால் வெள்ளை, நீலம். குறைந்தால் மஞ்சள். மனைவிக்கு ஹோட்டல் மாதிரி 3000 வேண்டும். பாரிமுனையில் கடைக்காரர் ஒரே அட்டையில் மூன்றையும் எரியவிட்டுக் காட்டினார். வீட்டுக்கு மூன்றும் ஒவ்வொன்று வாங்கி வந்து, ராத்திரி பேப்பரை அம்மா கையில் கொடுத்தோம். 3000-ல் முகம் சுளித்தாள். 6500-ல் ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்றாள். 4000-ல் ஒன்றும் சொல்லவில்லை, படிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் விளக்கு 4000. மேலே எட்டும் மனைவியின் 3000. வழக்கு முடிந்தது.

டிசைனர் பெண்ணைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். இத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ‘‘இனிமே படம் போடறதுக்கு முன்னாடி வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேட்டுக்கறேன் சார்’’ என்றார். அடுத்து எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கேள்வி அவரோடு போகும். எலெக்ட்ரீஷியனுக்கு அதற்குத் தனியாக பில் கிடையாது.

நீங்கள் ஹாலை மாற்றுகிற உத்தேசத்தில் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. இன்றைக்கு இருட்டினதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் வயதானவர் எந்த இடத்தில் உட்காருவாரோ, அங்கே போய் நீங்கள் உட்காருங்கள். கையில் அவருடைய மாத்திரை அட்டை ஒன்று. பின்பக்கம் பொடி எழுத்தில் பெயரும் எக்ஸ்பயரி தேதியும் இருக்கும். படிக்க முடிகிறதா? அப்புறம், அவர் கண்ணுக்குப் போய்ச் சேருவது இதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரீஷியனை நாளைக்குக் காலையில் கூப்பிடலாம். அவர் ஏணியில் ஏறுவதற்கு முன்னால், மெயினை நீங்களே போய் அணைத்துவிடுங்கள்.